சங்கத்துப் படகு

வெள்ளம் வடிந்த பிறகு மற்றவர்கள் எல்லாரும் வீட்டைக் கழுவினார்கள். செயலாளர் மட்டும் தன் பெயரைக் கழுவ வேண்டியிருந்தது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவரே விடாமல் செயலாளராக இருந்து வந்தார். எதிர்த்து நிற்க வேறு யாருக்கும் பொழுதில்லை என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. காவலாளி முதல் பால் போடுகிறவர் வரை 'செக்ரட்டரி சார்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் கட்டின மனைவியே, "செக்ரட்டரி சாருக்குச் சாப்பாடு ஆறிட்டிருக்கு" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

விஷயம் இதுதான். செயலாளர் இருப்பது மூன்றாவது மாடி. அவருடைய கூடப்பிறந்த அக்கா இருப்பது அதே கட்டடத்தில் தரைத்தளம். கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறாள். முழங்கால் இரண்டும் தகராறு, வாய்க்கு மட்டும் எந்தத் தகராறும் இல்லை. போன வருஷம் ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது, அக்கா சாப்பாட்டு மேஜைமேல் ஏறி, மிக்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, "யாரும் பதறாதீங்க, யாரும் பதறாதீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தக் கத்தத்தான் மற்றவர்களுக்குப் பதற்றமே வந்தது. முதல் மாடிப் பல் டாக்டர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி, ஒரு பழைய கதவுப் பலகையில் அக்காவை உட்கார வைத்து, காவலாளியோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். தண்ணீர் வடிகிறவரை அக்காவுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் பல் டாக்டர் வீட்டில். சொந்தத் தம்பி அதற்கு இரண்டு மாடி மேலே.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பல் டாக்டருக்கே அது ஒரு மாதிரியாகிவிட்டது. பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்கள் பஞ்சை அதக்கிய வாயோடு, "ஏன் டாக்டர், அந்தம்மா தம்பி வீட்டுக்கு ஏன் போகல?" என்று கேட்டார்கள்.

ஏன் போகவில்லை என்பது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். சில வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வைத்தியத்துக்காக அக்கா கொஞ்ச நாள் தம்பி வீட்டில் தங்கியிருந்தாள். செயலாளரின் மனைவி கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளர்களை அக்கா எடுத்து மறுபடியும் கழுவினாள். ஒரு நாள் கழுவினால் பரவாயில்லை, தினமும் கழுவினாள். "என் கை பட்டது சுத்தமில்லன்னா வேற கை பட்ட டம்ளர்ல குடிக்கட்டும்" என்று மனைவி பாத்திரங்களைப் பார்த்துச் சொன்னாள். பாத்திரங்களுக்குக் காது இல்லை, அக்காவுக்கு இருந்தது. அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே அக்கா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது, "நீயா வாய் தொறந்து கூப்பிடற அன்னைக்குத்தான் இந்தப் படி ஏறுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, செயலாளர் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். 'வாக்கா' என்று சொல்ல வேண்டும். அதை மனைவி காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்பதுதான் சிக்கல். இத்தனைக்கும் அக்கா வீட்டு வாசலுக்கு எதிரேதான் மாடிப்படி தொடங்குகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். செயலாளர் மூக்கைத் தொடுவதற்குப் படகு வாங்கினார்.

செயற்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "வெள்ளம் வருமுன்னே அணை போடணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அணை நம்ம கையில இல்ல. படகு நம்ம கையில இருக்கு" என்றார். "போன தடவை மாதிரி இந்தத் தடவை நடக்கக் கூடாது. எங்க அக்காவை நானே என் கையால ஏத்திக் கூட்டிட்டுப் போவேன்."

"எங்க சார் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டார் பல் டாக்டர். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பாதுகாப்பான இடத்துக்கு."

"அது எந்த இடம்?"

"அதை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம் டாக்டர். முதல்ல படகு."

பொருளாளர் ஒரு பக்கமும் சாயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இவருக்குக் கட்டடத்தில் 'பூட்டு' என்று பெயர். தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பூட்டு, அறிவிப்புப் பலகைக்குப் பூட்டு, பூந்தொட்டி பக்கத்தில் இருக்கிற குழாய்க்குப் பூட்டு என்று எல்லாவற்றையும் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார். அவர் வருவது, ஆள் தெரிவதற்கு முன்னால் காதில் விழும். "படகை எதுல பூட்டறது?" என்பதுதான் அவருடைய ஒரே சந்தேகம். அதற்கு வழி சொன்னதும் அவரும் கை தூக்கிவிட்டார்.

படகுக் கடைக்காரர் வாயாடி. செயலாளரும் பொருளாளரும் உள்ளே நுழைந்ததுமே இது நல்ல வேட்டை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. வெள்ளை நிறத்தில், ஓரத்தில் நீலக்கோடு போட்ட சின்ன ஃபைபர் படகு ஒன்றைக் காட்டினார். துடுப்பு ஒரு ஜோடி; ஒன்று கை தவறிப் போனால் என்ன செய்வது என்று உபரியாக இன்னொன்று. முன்னால் கட்டி இழுக்க நீளக் கயிறு. தண்ணீர் இறைக்க வாளி. டார்ச், ஊதல், மருந்துப் பெட்டி. கடைசியில் ஒரு குட்டி நங்கூரத்தைத் தூக்கி வைத்தார்.

"எங்க தெருவுல நங்கூரம் எதுக்கு?" என்றார் பொருளாளர்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? வண்டின்னா பிரேக் வேணாமா?"

செயலாளருக்கு அது நியாயமாகப் பட்டது. நங்கூரமும் ஏறியது.

பாதுகாப்பு ஜாக்கெட்டுகளைப் பற்றிக் கடைக்காரர் ஒன்று சொன்னார். வாயாடி சொன்னாலும் அது சரியான விஷயம். "இடுப்புப் பட்டையை நல்லா இறுக்கணும் சார். கால் நடுவுல போற வாரையும் மாட்டணும். மாட்டலன்னா, தண்ணில விழும்போது ஜாக்கெட் மேல வந்துடும், ஆள் கீழ போயிடுவாரு." செயலாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பொருளாளர் வேறு ஒன்றைக் கவனித்தார்: ஜாக்கெட்டுகள் புத்தம் புதுசாக, கண்ணாடித்தாள் உறையில், அழுக்குப் படாமல் இருந்தன. "இந்த உறையை யாரும் கிழிக்கக் கூடாது" என்று அங்கேயே தீர்மானம் போட்டுவிட்டார்.

செயலாளர் உத்தியோகம் பார்த்த காலத்தில் கடைத் தராசுகளுக்கு முத்திரை போடுகிற ஆபீசில் இருந்தவர். எடை என்றால் அவருக்கு ஒரு பக்தி. படகின் பின்பலகையில் எத்தனை பேர் ஏறலாம், மொத்தம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தகடு அடித்திருந்தது. அதைப் படித்ததும் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மறுநாள் காலையில் மாடிப்படி அடியில் ஓர் எடைபார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு நின்றார். பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், கனமானவர்கள் நடுவில் உட்கார வேண்டும், அதனால் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஏறி நின்று எடை பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அறிவித்தார்.

ஆண்கள் செருப்பைக் கழற்றி, கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினார்கள். மூச்சை இழுத்தால் எடை குறையும் என்று யார் சொன்னார்களோ. பெண்கள் அந்தப் பக்கமே வரவில்லை. காய் வாங்கப் போகிறவர்கள்கூட லிஃப்டில் நேராக அடித்தளத்துக்கு இறங்கி, வண்டி வருகிற வழியாக ஏறி வெளியே போனார்கள். "வீட்டுக்கு வீடு சொல்லியனுப்பினா நாங்களே சொல்லிட்டுப் போறோம். இப்படி நடுக்கூடத்துல நிறுத்தி எடை போட நாங்க என்ன பழைய பேப்பரா?" என்று செயலாளரின் மனைவியே மூன்றாவது மாடியிலிருந்து குனிந்து கேட்டாள்.

அக்கா தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்காகத்தான் இவ்வளவும். ஒரு தடவை ஏறி நில்லு."

"என்னை என்ன வெங்காய மூட்டைன்னு நினைச்சியா?"

"படகு சாஞ்சுடும்க்கா. கணக்கு சரியா இருக்கணும்."

"என் எடை என் புருஷனுக்கே தெரியாது. அவர்கிட்டயே சொல்லல, உன்கிட்ட சொல்வேனா?" என்ற அக்கா, படகுச் சாமான்கள் குவிந்து கிடந்த மூலையை முகவாயால் காட்டினாள். "கயிறு வாங்கின, வாளி வாங்கின, நங்கூரம்கூட வாங்கின. ஏன்டா, அந்தக் கடையில கொஞ்சம் தைரியம் விக்கலையா?"

பல் டாக்டர் சிரிப்பை அடக்க இருமினார். செயலாளருக்குக் காது மடல் சிவந்தது. அக்கா சொன்னது அவருக்குப் புரியாமலில்லை. புரிந்ததால்தான் அவர் அவசர அவசரமாகக் குனிந்து எடைக் கருவியின் முள்ளைச் சரி பார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் சாப்பிட உட்காரும்போது இன்றைக்கு மனைவியிடம் பேச்சை எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பார். 'அக்கா' என்று ஆரம்பிக்கிற வாக்கியம் தொண்டை வரை வரும். மனைவி, "என்ன?" என்பாள். "உப்பு கொஞ்சம் கம்மி" என்று முடித்துவிடுவார். அவள் உப்பைக் கூட்டிக் கூட்டி, வீட்டில் சாப்பாடு கடல் தண்ணீர் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

வெள்ளோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். மினி லாரியில் படகை ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனார்கள். செயலாளர், பொருளாளர், பல் டாக்டர் மூவரும் ஏறுவதாக ஏற்பாடு. கரையில் பாதிக் கட்டடம் கூடியிருந்தது. ஜாக்கெட்டைக் கண்ணாடித்தாள் உறையோடேயே மாட்டிக்கொண்டதில், மூவரும் திரும்பும்போதெல்லாம் புது மெத்தை மாதிரி சரசரவென்று சத்தம் வந்தது. உறையோடு மாட்டினால் கால் நடுவில் போகிற வாரை எப்படி மாட்டுவது? மாட்டவில்லை.

பல் டாக்டர் படகின் நடுவில் கால் வைத்து, குனிந்து ஏறி உட்கார்ந்தார். செயலாளரும் அப்படியே. பொருளாளர் மட்டும் பேருந்தில் ஏறுகிற பழக்கத்தில் ஓரத்தைப் பிடித்துத் தொங்கி ஏறினார். படகு அவரை ஒரு முறை வணங்கிவிட்டு நிமிர்ந்தது. ஆனால் முழுக்க நிமிரவில்லை.

"சார், இந்தப் பக்கம் சாயுதே" என்றார் பல் டாக்டர்.

"சாயாது. நான் கணக்குப் போட்டுத்தான் உட்கார வெச்சிருக்கேன். பொருளாளர் எடையும் உங்க எடையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

பல் டாக்டர் ஒல்லியான மனிதர். அவர் பொருளாளரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "சார், நீங்க எடை பார்த்தீங்களா?"

"வாய்மொழியா சொல்லிட்டேன்."

"எப்ப பார்த்த எடை?"

பொருளாளர் ஏரியின் அழகைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி."

அவருக்குக் கல்யாணமாகிப் பேத்தி பேரன் எல்லாம் இருந்தார்கள். செயலாளர் பதறிப்போய் எழுந்து மறுபக்கம் போகப் பார்த்தார். சின்னப் படகில் எழுந்து நிற்கக் கூடாது என்பதைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். தலையாட்டிக் கேட்டவரும் இவரேதான். படகு ஒரு பக்கம் சரிந்து, ஏரியில் கொஞ்சத்தை உள்ளே அழைத்துக்கொண்டது.

"வாளி, வாளி!" என்றார் பல் டாக்டர்.

வாளி இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் இருந்தது. பெட்டி பூட்டியிருந்தது. சாவி பொருளாளரின் இடுப்பில் இருந்தது. இடுப்போ ஜாக்கெட்டின் இறுகிய பட்டைக்குள், கண்ணாடித்தாள் உறைக்கு அடியில், யாரும் எட்ட முடியாத இடத்தில் இருந்தது. மூவரும் செருப்பால் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கரையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் செயலாளர் ஒரு கையைத் தூக்கி ஏற்றுக்கொண்டார்.

அடுத்த செயற்குழுவில் எல்லாவற்றையும் ஆற அமர ஆராய்ந்தார்கள். மறுபடி எடை போடலாமே என்று பல் டாக்டர் சொல்லிப் பார்த்தார். அது உறுப்பினர்களின் நாணயத்தைச் சந்தேகிப்பதாகும் என்று பொருளாளர் வருத்தப்பட்டார். ஆகவே அவரவர் சொல்கிற எடையையே சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று முடிவானது. படகு ஒப்புக்கொள்ளுமா என்று யாரும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய விவாதம், படகை எங்கே வைப்பது என்பது. வாசலில் வைக்கலாம் என்றால், வாசல் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் மறைகிறது என்றார். புல்தரையில் வைக்கலாம் என்றால், புல் சாகும் என்றார் ஒருவர். மாடிப்படி அடியில் வைக்கலாம் என்றால், சங்க விதிப்படி நடைபாதையில் எதுவும் வைக்கக் கூடாது. கடைசியில் பொருளாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டாமலேயே ஒப்பித்தார்: "வண்டி வாகனம் எதுவானாலும் அடித்தளத்துலதான் நிறுத்தணும். படகு வாகனம்தானே?"

வாகனம்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

"தண்ணி முதல்ல நிறையறதே அடித்தளத்துலதான்" என்றார் பல் டாக்டர்.

செயலாளரும் ஏதோ சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் பொருளாளர் சிரித்துவிட்டார். "டாக்டர், நீங்க பல்லோட நின்னுக்கணும். தண்ணி வந்தா படகு என்ன பண்ணும்? மிதக்கும். மிதந்தா? தானா சரிவுப்பாதையில ஏறி மேல வந்துடும். நாம தள்ளக்கூட வேணாம். வாசல்ல வெச்சா தூக்கிட்டு வரணும், அடித்தளத்துல வெச்சா அதுவா வரும்!"

கூட்டம் அசந்துபோய்க் கை தட்டியது. 'அதுவா வரும்' என்கிற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கத்தான் செய்கிறது. செயலாளரும் கை தட்டினார். தானாக வரும் என்று காத்திருப்பதில் அவருக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம்.

"மிதந்து வேற தெருவுக்குப் போயிடுச்சுன்னா?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே பொருளாளர் காத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கார் கிடையாது. அவளுக்குரிய வண்டி நிறுத்துமிடம் காலியாக இருந்தது. அதில் படகைப் போட்டு, பக்கத்துத் தூணோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டினார். பூட்டு என்றால் அப்படி ஒரு பூட்டு. குட்டையான, பருத்த சங்கிலி.

மழைக்காலம் வந்தது. விடாத மழை. ஏரி மதகைத் திறக்கப் போகிறார்கள் என்று தெருவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போன அன்று காலையிலேயே செயலாளர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு களை. "இன்னைக்குத்தான்" என்று மனைவியிடம் சொன்னார். "என்ன இன்னைக்கு?" என்று அவள் கேட்டாள். "படகு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

அவர் இறங்குவதற்குள் தண்ணீர் தெருவைத் தாண்டி வாசலுக்கு வந்து, சரிவுப்பாதையில் அருவி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. சரிவுப்பாதை முடிகிற இடத்தில் கம்பி ஷட்டர் மூடியிருந்தது. அது மின்சாரத்தில் ஓடுகிற ஷட்டர். பாதுகாப்பு முன்னேற்பாடாகப் பொருளாளர் அதிகாலையிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கடமை முடிந்த நிறைவோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சங்கிலியின் சாவி வழக்கம்போல அவர் இடுப்பில்தான் போயிருந்தது.

செயலாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். படகு மிதக்கத்தான் செய்தது. பொருளாளர் சொன்னதில் அந்தப் பாதி சரி. சங்கிலி விட்ட வரைக்கும் மிதந்து எழும்பியது. அதற்கு மேல் எழும்ப முடியாமல் மூக்கு கீழே இழுபட்டு, வால் மேலே தூக்கி, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி தலையைத் தாழ்த்தி முரண்டு பிடித்தது. பிறகு மூக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது. துடுப்புகள் வெளியே வந்தன. ஊதல் வந்தது. புத்தம் புது ஜாக்கெட்டுகள் கண்ணாடித்தாள் உறையோடு ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்து ஷட்டர் கம்பியில் முட்டி நின்றன. ஒன்றிலும் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

செயலாளர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். யோசிக்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருந்தும், எவ்வளவு முயன்றும் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அக்காவுக்கு நீச்சல் தெரியாது.

அவர் திரும்பி ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கணுக்கால் தண்ணீரில், உப்பிய ஜாக்கெட்டோடு, வாத்து மாதிரி வந்தார். அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா சாப்பாட்டு மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டி, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

"எங்கடா படகு?"

"ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல்க்கா."

"என்ன சிக்கல்?"

"படகு முழுகிடுச்சு."

அக்கா அவரையும் அவர் ஜாக்கெட்டையும் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. தரையில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். புடவை நுனியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் மேஜை விளிம்பை அவள் இறுக்கிப் பிடிப்பதை அவர் பார்த்தார். போன வருஷம் மூன்றாவது மாடியிலிருந்து பார்த்ததில் இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

படிக்கட்டில் பல் டாக்டர் இறங்கி வந்து நின்றார். "அம்மா, வாங்க. போன தடவை மாதிரி நம்ம வீட்டுக்கே வந்துடுங்க. தண்ணி ஏறறதுக்குள்ள வந்துட்டா நடந்தே வந்துடலாம்."

டாக்டருக்குப் பின்னால் படிகளில் வேடிக்கை பார்க்க ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு செயலாளரின் மனைவியும் நின்றாள்.

அக்கா தம்பியையே பார்த்தாள். "என்ன, டாக்டர் வீட்டுக்குப் போகட்டுமா?"

"அக்கா... பாதுகாப்பான இடம்னு பார்த்தா..."

"எது பாதுகாப்பான இடம்?"

"உயரமா இருக்கற இடம்."

"எவ்வளவு உயரம்?"

"மூணாவது மாடி."

"மூணாவது மாடில நாலு வீடு இருக்கு. எந்த வீடு?"

தண்ணீர் செயலாளரின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தொண்டையில் இருப்பது மறுபடியும் உப்பாக மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார்.

"என் வீடுக்கா. என் வீட்டுக்கு வா. போன வருஷமே கூப்பிட்டிருக்கணும். அதுக்கு முன்னாடியே கூப்பிட்டிருக்கணும். வாக்கா."

சத்தமாகத்தான் சொல்லிவிட்டார். நான்காவது மாடி வரைக்கும் கேட்டது. மனைவி படியிறங்கித் தண்ணீருக்குள் கால் வைத்து வந்தாள்.

"இதுக்குத்தானா?" என்றாள் அவள். "இதுக்குத்தானா இத்தனை நாளா படகு, துடுப்பு, எடை, மண்ணாங்கட்டின்னு? அண்ணி, நீங்க வரக் கூடாதுன்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா? அன்னைக்குக் கோவத்துல ஒரு வார்த்தை விட்டேன். இல்லன்னு சொல்லல. அதுக்கப்புறம் இந்த மனுஷன் என்கிட்ட ஒரு தடவையாவது கேட்டாரா? கேளுங்க."

அக்காவுக்கே இது புதுச் செய்தி. "உன்கிட்டயும் கேக்கலையா?"

"உப்புதான் கேட்டாரு!"

"அடப்பாவி" என்றாள் அக்கா தம்பியைப் பார்த்து. "நீதான் வேணாம்னு சொல்லிட்டன்னு நினைச்சுட்டு நான் இங்க உக்காந்திருக்கேன்மா. இவன் ரெண்டு பேருக்கும் நடுவுல ஏரி வெட்டி, அதுல ஓட்டறதுக்குப் படகு வாங்கியிருக்கான்."

மனைவி கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பல் டாக்டர் மறுபக்கம் தாங்க, மேஜையிலிருந்து இறங்கி வாசலைத் தாண்டிப் படியில் கால் வைத்தாள். புடவை நனைந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. செயலாளர் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கும்போதெல்லாம் இரண்டு பேரும் செயலாளரைத் திட்டினார்கள். சின்ன வயசில் பரீட்சை மதிப்பெண்ணை மறைத்தது முதல், கல்யாணமான புதிதில் மாமனாரிடம் வாய் திறக்காமல் நின்றது வரை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் பிடித்துக்கொண்டாள். இந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

"ரொம்ப நல்லா போகுது சார்" என்று பல் டாக்டர் செயலாளரின் காதில் சொன்னார். "நடுவுல பேசிக் கெடுத்துடாதீங்க."

செயலாளர் தலையைப் பாதி ஆட்டி, பை நழுவப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். தலைமேல் பை கனத்தது. அக்கா அதற்குள் என்ன வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. எவ்வளவு எடை இருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தே கிடந்தது. அக்கா உள்ளே போய், ஜன்னலோரம் இருந்த தம்பியின் நாற்காலியில் ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தாள். மனைவி துண்டு எடுத்துவர உள்ளே போனாள். செயலாளர் பையை இறக்கி வைத்துவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றத் தெரியாமல் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட நடுக்கூடத்தில் நின்றார்.

"கிட்ட வாடா" என்றாள் அக்கா. பட்டையை அவிழ்த்துவிட்டாள். "போ, போய் பேன்ட்டை மாத்து. சளி பிடிச்சுக்கும்."